தட்டில் கிடந்த சாவி

பெங்களூரில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால் தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பெரிய வண்டி மேல்தான் தப்பு. லாரியும் காரும் மோதினால் லாரி, காரும் ஸ்கூட்டரும் மோதினால் கார், ஸ்கூட்டரும் நடந்து போகிறவரும் மோதினால் ஸ்கூட்டர். இது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்கக் கூடாது. ரோட்டில் கூடுகிற கூட்டத்துக்கு இது மனப்பாடம், அவ்வளவுதான். இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு என்பது, என் அப்பா ஒரு பெண்ணின் ஸ்கூட்டரை இடித்த சனிக்கிழமையன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. காரிலிருந்து இறங்குகிறவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தால் தப்பு சின்ன வண்டிக்குப் போய்விடுகிறது.

அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மாநில அரசில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு ஆஸ்டின் டவுனில் என்னோடுதான் இருக்கிறார். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, அதில் தூரம் தெரியும், கிட்டத்தில்தான் மங்கல். இடது கண்ணுக்கு நாள் குறிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்துவிடும். வராவிட்டால் அவரே ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார். "ஒரு கண்ணு போதும் பாப்பா. ரெண்டு கண்ணால பாத்தாலும் இதே ரோடுதான், இதே பள்ளந்தான்" என்பார். ஐம்பது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

கார் அவருடையது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதே கம்பெனிக் கார், சாவிகூட அச்சு அசல் அதே மாதிரி. இரண்டும் மாறிப்போகாமல் இருக்க அவருடைய சாவியின் கறுப்புத் தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். சாவியில் வளையம், பொம்மை எதையும் மாட்ட விடமாட்டார். ஓட்டும்போது கிலுகிலு என்று ஆடினால் அவருக்குப் பிடிக்காது. அந்தக் காரில் காலையில் கோயில், பிறகு காய்கறி, சாயங்காலம் பழைய சிநேகிதர் வீடு என்று ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்து கேட் திறக்கிற சத்தம் கேட்கும்வரை எனக்கு உயிர் கையில் இருக்கும். பம்பரில் புதிது புதிதாகக் கீறல்கள் தெரியும். கேட்டால், பார்க்கிங்கில் எவனோ உரசிவிட்டான் என்பார். எல்லாக் கீறலும் இடது பக்கமாகவே இருந்ததை நான் கவனித்திருந்தேன்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மனிதர்களிடம் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. எதிரில் இருப்பவர் அழுதால் எந்தப் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்த வேண்டும் என்பதுவரை எனக்குப் பழக்கம். ஆனால் அப்பாவிடம் "இனிமேல் கார் வேண்டாம்" என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. ஒரு தடவை லேசாக ஆரம்பித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் பஸ்ஸில் போய் வந்தார். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், வேர்வையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அதோடு நான் விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை முற்பகல் அவரே போன் செய்தார்.

"பாப்பா, பதறாத. ஒண்ணும் ஆகல. நான் டிராஃபிக் ஸ்டேஷன்ல இருக்கேன். வரும்போது கார் ஆர்.சி. காப்பி எடுத்துக்கினு வா. பீரோல மேல் தட்டுல இருக்குது."

பதறாத என்று ஆரம்பிக்கிற போனுக்குப் பதறாமல் எப்படி இருப்பது? ஆட்டோ பிடித்து ஓடினேன்.

நடந்தது இதுதான். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு இடது பக்கம் திரும்பியிருக்கிறார். இடது ஓரமாக ஒரு பெண் ஸ்கூட்டரில் நேராக வந்துகொண்டிருந்திருக்கிறாள். காரின் இடது மூலை ஸ்கூட்டரைத் தட்ட, அவள் விழுந்திருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு. ஸ்கூட்டரின் கண்ணாடி நொறுங்கி, பிரேக் லீவர் வளைந்துவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால் என்கிற எண்ணம் எனக்கு ஆட்டோவிலேயே வந்துவிட்டது. அது இன்னும் போகவில்லை.

கூட்டம் வழக்கப்படி காரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டிருக்கிறது. கதவைத் திறந்து அப்பா இறங்கியதும், "பாவம், வயசானவரு" என்று அப்படியே அந்தப் பெண் பக்கம் திரும்பி, பார்த்து வரக் கூடாதா என்று அவளை அதட்டியிருக்கிறது. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் வந்து முதல் காரியமாக இரண்டு வண்டிச் சாவிகளையும் உருவிக்கொண்டார். பெங்களூர் போலீசுக்கு முதலில் சாவிதான். பேர், ஊர் எல்லாம் அப்புறம். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, அவரே காரை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். இடது சீட்டில் அப்பா. விபத்தைப் பற்றிச் சொன்னதைவிட இதைப் பற்றித்தான் அப்பா என்னிடம் அதிகம் குமுறினார்.

"வழி பூரா கிளட்ச் மேலயே கால வெச்சினு வர்றான் பாப்பா. நான் சொல்றேன், காதுலயே போட்டுக்கல. ஒரே நாள்ல பிளேட்ட தேய்ச்சிடுவான்."

என் காரில் ஏறினாலும் அவருக்கு இதே பேச்சுதான். கிளட்ச், கியர், பிரேக் என்று நான் செய்கிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு "ச்சு" வரும்.

விபத்து என்றால் இங்கே சாதாரண போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது, அதற்கென்று டிராஃபிக் ஸ்டேஷன் தனி. வாசலில் நசுங்கிய ஆட்டோ, சக்கரம் கோணிய பைக், தூசி படிந்து நிறம் தெரியாமல் போன கார்கள். உள்ளே பகலிலும் மங்கலான ஒரு ட்யூப் லைட். மேஜைக்குப் பின்னால் ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். மேஜை மேல், நாம் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் சோறு இல்லை, சாவிகள். அன்றைக்குப் பிடித்த வண்டிகளின் சாவி எல்லாம் அதில்தான் குவிந்து கிடந்தது.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அடிபட்ட பெண் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது. அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும். திருப்பத்தூர் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாளாம். ஸ்கூட்டர் ரூம்மேட்டுடையது. சாயங்காலத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தவில்லை என்றால் ரகளையாகிவிடும் என்று கைக்குட்டையை முழங்கையில் அழுத்திப் பிடித்தபடி சொன்னாள்.

போனை வைத்த ஹெட் கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்து, வாசலுக்கு எதிர்ப்புறம் கையைக் காட்டினார். "ஹொரகடெ ஹோகி மாத்தாடிகொண்டு பன்னி." வெளியே போய்ப் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று அர்த்தம். எதிரில் இருந்தது ஒரு டீக்கடை. இந்த மாதிரிச் சின்ன விபத்துக்கெல்லாம் கோர்ட், ஜட்ஜ், வக்கீல் எல்லாமே அந்த டீக்கடைதான். இரண்டு பேரும் டீ குடித்து, ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வந்தால், சமாதானமாகிவிட்டோம் என்று ஒரு ராஜிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். வராவிட்டால் சாவி தட்டிலேயே கிடக்கும்.

அப்பாவையும் அந்தப் பெண்ணையும் முன்னால் அனுப்பிவிட்டு நான் மேஜையருகே நின்றேன்.

"சார், ஒரு உதவி. எங்கப்பாவுக்கு இடது கண்ணு சரியா தெரியறதில்ல. இனிமே ஓட்டாதீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். யூனிஃபார்ம்ல இருக்கறவங்க சொன்னா கேப்பாரு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசினார்.

"மேடம், நாங்க சொன்னா எப்படி? சொல்லறதுக்கு ஒரு கேஸ் இருக்கணும். நீங்க கேஸ் பேக்கு, வேணும்னு சொன்னா போடறேன். அப்புறம் கோர்ட்டு. ஆர்.டி.ஓ.க்கு எழுதுவோம், லைசென்ஸ் போகும். யஜமான்ரு, உங்கப்பா பேர்ல கேஸ். பெத்த மகளே சொல்லி. போடலாமா?"

நான் எதிர்ப்புற டீக்கடையைப் பார்த்தேன்.

"பேடா மேடம், வேண்டாம். ராஜி மாடிகொள்ளி. வயசானவங்கள கோர்ட்டுக்கு ஏன் சுத்த விடறீங்க?"

நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணமே இல்லாமல் என் கையில் இரண்டு வழியைக் கொடுத்துவிட்டார். கேஸ் என்றால் அப்பா கோர்ட் வராண்டாவில் நிற்க வேண்டும். ராஜி என்றால் நாளைக் காலையில் மறுபடி கோயிலுக்குக் காரை எடுப்பார். இன்றைக்குச் சிராய்ப்போடு போனது நாளைக்கும் அப்படியே போகும் என்று யார் எனக்கு எழுதிக் கொடுப்பார்கள்?

டீக்கடையில் இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ சம்பந்தி வீட்டார் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியையும் லீவரையும் பக்கத்து மெக்கானிக்கிடம் சொல்லி அப்பாவே மாட்டித் தருவதாக முடிவாகியிருந்தது. டீ வந்தது. அப்பா கையைப் பெஞ்சு மேல் வைத்து, மெதுவாக நகர்த்தி, விரல் டம்ளரில் பட்ட பிறகு எடுத்தார்.

"தாத்தா மேல தப்பில்ல ஆன்ட்டி. நான்தான் கொஞ்சம் ஃபாஸ்டா வந்துட்டேன்" என்றாள் அவள்.

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றார் அப்பா. "சின்ன வயசு, வேகம் வரும். தப்புன்னு சொல்லல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இண்டிகேட்டர் போட்டாரா?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "போட்டிருப்பாரு ஆன்ட்டி. நான் கவனிக்கல."

அப்பா மெக்கானிக்கைப் பார்க்க எழுந்து போனதும் மறுபடி கேட்டேன். இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள்.

"போடல ஆன்ட்டி. நான் ஹார்ன் அடிச்சிக்கினேதான் வந்தேன். அவரு என்னப் பாக்கவே இல்ல."

"அத ஏன் அவர்கிட்ட சொல்லல? போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"இவ்ளோ பெரியவரப் பாத்து எப்படி ஆன்ட்டி சொல்றது? எறங்கி வந்தவரு கை எப்படி நடுங்கிச்சி தெரியுமா? எனக்கே பாவமாப் போச்சி. நானே தண்ணி வாங்கிக் குடுத்தேன்."

அவளைத் திட்ட வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவளை எந்த முகத்தோடு திட்டுவது? பெற்ற அப்பாவிடம் நான் சொல்லாததை ரோட்டில் போன பெண் சொல்ல வேண்டுமா? கூட்டம் மரியாதை காட்டியது, போலீஸ் மரியாதை காட்டியது, அடிபட்டவளும் மரியாதை காட்டுகிறாள். எல்லோருமாகச் சேர்ந்து மரியாதை காட்டியே யாரையாவது பஸ் சக்கரத்தில் தள்ளிவிடப் போகிறோம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். ராஜிக் கடிதம் கன்னடத்தில் எழுத வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கன்னடம் எழுத வராது. அப்பாவுக்கு வரும். வரும் என்பது சாதாரண வார்த்தை. ஆபீசில் மேலதிகாரிக்குப் போகிற கடிதத்தையெல்லாம் இவரைக் கூப்பிட்டுத்தான் எழுதச் சொல்வார்களாம். அந்தக் கையெழுத்தைப் பற்றி நான் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கிறது. ஹெட் கான்ஸ்டபிள் வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அப்பா அதைத் தொடவில்லை.

"நீயே எழுது பாப்பா" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இன்ன இடத்தில் இரு வண்டிகளும் தற்செயலாக உரசிக்கொண்டன, யாருக்கும் பெரிய காயமில்லை, நாங்களே பேசி முடித்துக்கொண்டோம். கடைசி வரியை ஹெட் கான்ஸ்டபிள் சொன்னார். அவருக்கு அது தலைகீழாகப் பாடம். இதில் யார் மீதும் தவறில்லை.

என் பேனா நின்றது. எழுதாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூம்மேட் நினைப்பு. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, என்ன யோசிக்கிறாய் என்பதுபோல என் பக்கம் முகத்தைத் திருப்பினார். எழுதிவிட்டேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா எங்கே போட வேண்டும் என்று நான் விரல் வைத்துக் காட்டினேன்.

"பாத்தியா பாப்பா, போலீஸே சொல்லிட்டாங்க, தப்பில்லன்னு" என்றார் என் காதருகே. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்காமல் கத்தியிருப்பேன்.

ஹெட் கான்ஸ்டபிள் சாவித் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சாவியை அவர்கள் எடுத்துத் தர மாட்டார்கள். ஒரு தடவை ஒருவன் சாவியை இன்னொருவனிடம் கொடுத்து, அவன் வண்டியோடு போய்விட்டானாம். அதிலிருந்து யாராக இருந்தாலும் அவரவர் சாவியை அவரவரே அடையாளம் கண்டு எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆட்டோக்காரரிடமும் அப்படித்தான் சொன்னார்.

"நிம்மது யாவுது? உங்களுது எதுவோ எடுத்துக்கோங்க."

அந்தப் பெண் குனிந்த வேகத்தில், பூனைப் பொம்மை தொங்குகிற சாவியை எடுத்துக்கொண்டு, "வரேன் தாத்தா, வரேன் ஆன்ட்டி, தேங்க்ஸ் சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மெக்கானிக் கடைக்கு ஓடினாள்.

"யஜமான்ரே, உங்களுது?"

அப்பா எழுந்து மேஜைக்குக் கிட்டே வந்தார். தட்டில் கறுப்புத் தலை வைத்த சாவிகளே நிறையக் கிடந்தன. சிவப்புப் பொட்டு வைத்தது ஓரமாக, இடது விளிம்பில் இருந்தது. நான் எட்ட நின்றபடியே பார்த்துவிட்டேன். அப்பாவின் கை தட்டின் நடுவில் இறங்கியது. ஒன்றை எடுத்தார், விரலால் தடவினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுதான்" என்றார்.

"அல்ல சார், அது போலெரோ ஜீப்போடது" என்றார் ஹெட் கான்ஸ்டபிள், அடுத்த ஆளின் தாளைப் பார்த்துக்கொண்டே. "நிதானமா பாருங்க."

அப்பா அதை வைத்துவிட்டு மறுபடி தட்டில் கையை விட்டார். சாவிகள் தட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. இதற்காகத்தானே நான் காலையிலிருந்து தவம் கிடந்தேன்? யாராவது சொல்ல மாட்டார்களா என்று பிச்சை எடுக்காத குறையாகக் கேட்டேனே? இப்போது யாரும் எதுவும் சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் அந்தச் சாவியை அவர் விரலுக்கடியில் நகர்த்தி வைத்துவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் நகரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவர் கை தட்டைவிட்டு வெளியே வந்தது. வேட்டியில் அதைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நீ எடு."

எடுத்தேன். இருவரும் வெளியே வந்தோம். கார் வேப்ப மரத்தடியில் நின்றது. என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமல் நான் கையில் சாவியோடு தயங்கினேன். அவர் காரைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவருகே நின்றார்.

"தெற. வெயிலா இருக்குது."

ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். கிளம்பும்போதே வண்டி நின்றுபோனது. மறுபடி கிளப்பினேன். முதல் சிக்னலில் கியர் சரியாக விழாமல் கரகரவென்று சத்தம் போட்டது. "ச்சு" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கிளட்ச் மேலேயே கால் வைத்துக்கொண்டு ஓட்டினேன், வேண்டுமென்றேதான். ஏதாவது ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்றிருந்தது. அவர் நேராகப் பார்த்தபடி கைகளை மடிமேல் வைத்திருந்தார்.

காலையில் நடந்த அதே இடம் வந்தது. எங்கள் தெருவுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டேன். அப்பா அப்போதுதான் அசைந்தார். இருந்த இருப்பில் கழுத்தை மட்டும் திருப்பவில்லை. சீட்டிலேயே உடம்பு முழுவதையும் இடது பக்கமாகத் திருப்பி, வலது கண் ஜன்னலுக்கு நேராக வரும்படி தோளைச் சாய்த்து, பின்னால் வருகிற ரோட்டைப் பார்த்தார். யாரும் சொல்லித் தராமல், பல நாள் பழகிய மாதிரி இருந்தது அந்தத் திரும்பல்.

"இரு பாப்பா. ஒரு ஸ்கூட்டர் வருது, போகட்டும்" என்றார்.

பிரேக்கை மிதித்தேன். ஸ்கூட்டர் போனது. அவர் இன்னும் அப்படியே திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப திருப்பு" என்றார்.